அப்பாவின் பைப்பில் இருந்த உப்பு

புகை பிடிக்கும் பழைய பைப்பில் ஊறிப்போன நாற்றத்தை எடுக்க உப்பைவிட நல்ல மருந்து கிடையாது, ஐயா. கல்லுப்பு உதவாது, தூளுப்புதான் வேண்டும். புகையிலை வைக்கும் கிண்ணத்தில் வாய்வரை உப்பைக் கொட்டி, சொட்டுச் சொட்டாக ஸ்பிரிட் விட்டு, மேலே பஞ்சை அடைத்து, ஒரு நாள் முழுக்க ஆடாமல் அசையாமல் வைத்துவிட வேண்டும். மறுநாள் எடுத்துப் பார்த்தால் வெள்ளை உப்பு காப்பித்தூள் நிறத்துக்கு வந்திருக்கும். நேற்று போலீஸ் விசாரணையில் நீங்கள் கேட்ட முதல் கேள்வி இதைப் பற்றித்தான். உங்கள் அண்ணன் பைப் பிடித்துக்கொண்டே தூங்கிவிட்டார், அதனால்தான் மெத்தை பற்றிக்கொண்டது என்று சொல்கிறீர்களே, அப்படியென்றால் பைப்புக்குள் உப்பு எப்படி வந்தது என்று கேட்டீர்கள்.

நேரில் கேட்டால் எனக்கு நாக்கு குழறுகிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் காகிதத்தைக் கொடுத்து, அவசரமில்லை, உட்கார்ந்து எழுதுங்கள் என்றீர்கள். என்னிடம் இவ்வளவு பொறுமையாக யாரும் பேசி ரொம்ப நாளாகிறது. அதனால் முதலிலிருந்தே எழுதுகிறேன்.

நான் பயந்த சுபாவக்காரன். அதிலும் தீயென்றால் சொல்லவே வேண்டாம். எனக்குக் கிடைத்த வேலையும் அப்படி. பெயிண்ட் கிடங்கில் பாதுகாப்புப் பொறுப்பாளர். காலையில் வாசலில் நின்று வருகிறவன் போகிறவன் சட்டைப்பையைத் தடவி, தீப்பெட்டி, லைட்டர் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்வேன். எனக்குத் 'தண்ணி வாளி' என்று பட்டப்பெயர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள், ஆனால் எனக்குக் கேட்கிற மாதிரி சொல்வார்கள். பத்தொன்பது வருஷத்தில் என் கிடங்கில் ஒரு பொறிகூட விழுந்ததில்லை. அதற்காக ஒருவரும் என்னைப் பாராட்டியதும் இல்லை. நடக்காத விஷயத்துக்கு யார் கை தட்டுவார்கள்?

வருஷத்துக்கு ஒரு முறை ஒத்திகை நடத்துவேன். ஒரு தகரத் தட்டில் பழைய துணிகளைப் போட்டு நானே தீ வைப்பேன், எல்லோரும் பார்க்க இருபது வரை சத்தமாக எண்ணுவேன், பிறகு நானே அணைப்பேன். இருபது என்பதற்குக் காரணம் இருக்கிறது. ஐந்தில் அணைத்தால் யாருக்கும் பயம் வராது, சிரித்துக்கொண்டு கலைந்துவிடுவார்கள். முப்பதைத் தாண்டினால் எனக்கே பயம் வந்துவிடும். இருபதில் எல்லா முகமும் மாறியிருக்கும். அந்த முகங்களைப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். அந்த ஒரு நிமிஷம் மட்டும் எல்லோரும் என்னைப் போல இருப்பார்கள்.

வீட்டில் நானும் மனைவியும் மகளும். அடுப்பை அணைத்தாயிற்றா என்று நான் மூன்று தடவை கேட்பேன். "அணைச்சாச்சுங்க. தாலாட்டும் பாடித் தூங்க வச்சாச்சு. நீங்க வாங்க" என்பாள் மனைவி. பள்ளிக்கூடத்தில் எட்டாவது படிக்கும் மகள் அதைக் கேட்டுச் சிரிப்பாள். அதற்கெல்லாம் நான் கோபித்துக்கொண்டதில்லை. எனக்கும் சேர்த்துத் தைரியமாக இருக்க அவர்கள் இருந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் அண்ணன் வந்து சேர்ந்தார். முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். வண்டியிலிருந்து இறங்கும்போது கால் தவறி இடுப்பெலும்பு முறிந்து, தகடு வைத்துத் தைத்திருந்தார்கள். அண்ணி போய்ச் சேர்ந்து பல காலம், பிள்ளைகள் இல்லை. "மாமாவ நம்ம வீட்டுக்கே கூட்டிட்டு வந்துடலாம்" என்று சொன்னது என் மனைவிதான். பின்பக்க அறையை ஒழித்துக் கொடுத்தோம். ஒரு கட்டில், ஒரு ஜன்னல், நடக்க ஒரு கைத்தடி. அவர் வந்த பிறகு வீட்டில் சிரிப்புச் சத்தம் நிறையக் கேட்டது. பாதிக்கு மேல் என்னை வைத்துத்தான்.

அவரிடம் ஒரு கதை உண்டு. எனக்கு ஆறு வயது இருக்கும்போது விளக்கு சாய்ந்து ஜன்னல் திரை பற்றிக்கொண்டது. அண்ணன் அதைப் பிடுங்கிப் போட்டு மிதித்து அணைத்தார். நான் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டேன். தீ அணைந்து அரை நாளாகியும் நான் வெளியே வரவில்லை. கடைசியில் அவர் தரையில் படுத்து, உள்ளே கையை நீட்டி, "பயப்படாதடா, நான்தான்" என்றாராம். இதை அவர் நடித்துக் காட்டுவார். என் கல்யாணத்தில் நடித்துக் காட்டினார். என் மகளுக்கு மட்டும் ஏழெட்டுத் தடவை. ஒவ்வொரு தடவையும் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். நானும் கூடச் சிரித்துவைப்பேன்.

ஒருநாள் தன் பழைய கருவிப் பையிலிருந்து அவர் அந்தப் பைப்பை எடுத்தார். அப்பாவுடையது. அப்பா வேலை பார்த்த ஆலைக்கு இயந்திரம் பூட்ட வந்த வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர், போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. கிண்ணத்தில் கரி அடையடையாகப் படிந்து, சுண்டுவிரல்கூட நுழையாமல் கிடந்தது. வாயில் வைக்கும் ரப்பர்த் தண்டு வெளுத்துப் பாசி நிறமாகியிருந்தது. கட்டையும் தண்டும் சேருமிடத்தில் ஒரு விரிசல்.

"டேய், நுணுக்கமான வேலையெல்லாம் உன் கைக்குத்தான் வரும். இத ரிப்பேர் பண்ணிக் குடு. ஒரே ஒரு தடவ பத்த வச்சுப் பாக்கணும்" என்றார்.

"டாக்டர் என்ன சொன்னாரு, மறந்துட்டீங்களா அண்ணே?"

"சிகரெட்ட விட்டு இருபது வருஷமாச்சு. அப்பா வாசன எப்படி இருக்கும்னு ஒரு தடவ பாத்துட்டு, நீ கிடங்குல புடுங்கி வக்கிற மாதிரி இதையும் புடுங்கி வச்சுக்க."

நான் ஒப்புக்கொண்டேன். காரணத்தை மறைக்காமல் சொல்கிறேன். பைப் என் கையில் இருக்கும்வரை அவர் வாயில் இருக்காது.

இரண்டு வாரத்தில் முடிய வேண்டிய வேலையைப் பதினோரு வாரம் இழுத்தேன், ஐயா. முனை மழுங்கிய கத்தியால் கரியைச் சுரண்ட ஒரு வாரம். தண்டைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு எமரித் தாளால் தேய்க்க இரண்டு வாரம். விரிசலை ஒட்டி, மேலே மெல்லிய பித்தளை வளையம் மாட்டினேன். அது சரியாக உட்கார்ந்தது. மறுநாள் காலை நானே அதைக் கழற்றிவிட்டு, தளர்ந்துவிட்டது என்றேன். மெழுகு போட்டுப் பளபளப்பாக்கிய கட்டையில் அடுத்த நாள் ஊசியால் ஒரு கோடு கிழித்து, அதை எடுக்க இன்னொரு வாரம் கேட்டேன். உப்பு வைத்தியத்தை மட்டும் ஒன்பது தடவை செய்தேன். கிண்ணத்தில் நாற்றமே போன பிறகும் செய்தேன். பஞ்சு அடைத்த அந்தப் பைப் எங்கள் சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில் நின்றுகொண்டே இருக்கும். தண்ணீர்க் கூஜாவைப் போல அதுவும் மேசையோடு சேர்ந்துவிட்டது.

அண்ணன் தினமும் கைத்தடியை ஊன்றி வந்து என் எதிரில் உட்கார்ந்துகொள்வார். நான் ஏமாற்றுகிறேன் என்று அவருக்குத் தெரிந்திருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. "இதுக்குள்ள ஒரு லாரி எஞ்சினையே இறக்கி ஏத்தியிருப்பேன்டா" என்பார். அதற்கு மேல் அவசரப்படுத்த மாட்டார். கிண்ணத்தின் விளிம்பில் சின்னச் சின்னப் பள்ளங்கள் இருந்தன. அப்பா சாம்பலைத் தட்டித் தட்டி விழுந்த வடுக்கள். ஈரத்துணியை அதன் மேல் வைத்து இஸ்திரிப் பெட்டியின் நுனியால் தொட்டால், கட்டை ஈரத்தைக் குடித்து உப்பி, பள்ளம் மேலே எழும்பிவிடும். அதைப் பார்த்து அண்ணன் குழந்தை மாதிரி ஆச்சரியப்பட்டார். உண்மையைச் சொன்னால், என் வாழ்க்கையில் அவரோடு நான் சந்தோஷமாக இருந்த நாட்கள் அந்தப் பதினோரு வாரம்தான்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார். தண்டின் முனையில் அப்பாவின் பல் பதிந்த தடம் இருந்தது. மேலே இரண்டு, கீழே ஒன்று. "அத மட்டும் விட்டுடுடா" என்றார். சரி என்றேன். பிறகு ஒருநாள் அவர் தூங்கும்போது தண்டை வெந்நீரில் போட்டு எடுத்தேன். வேறு ஆட்கள் தீயில் காட்டுவார்கள், எனக்கு அதெல்லாம் ஆகாது. சூடு பட்டதும் அந்த ரப்பர் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். தடம் எழும்பியது. மிச்சத்தைத் தேய்த்து எடுத்தேன். தடம் இல்லாவிட்டால் அவருக்கு அந்தப் பைப் வேண்டாம் என்று தோன்றிவிடும் என நினைத்தேன். அவர் அதை வாயில் வைத்துப் பார்த்தார். நாக்கு உள்ளே தேடுவது கன்னத்தில் தெரிந்தது. பைப்பை வாயிலிருந்து எடுத்து, "பரவால்லடா. என் பல்லு பதியட்டும்" என்றார். அன்று எனக்கு அவர் மேல் ஆத்திரம் வந்தது. ஏனென்று அப்போது புரியவில்லை.

அதன் பிறகு பயம் என்னைத் தின்ன ஆரம்பித்தது. கிடங்கில் இருந்தாலும் மனசு பின்பக்க அறையில் இருக்கும். கட்டில் எரிகிறது, மகள் உள்ளே இருக்கிறாள் என்று பட்டப்பகலில் கண்முன் தெரியும். ஒருநாள் அவருடைய போர்வையில் விரல் நுனி அளவு கருகல் பார்த்தேன். மனைவியிடம் காட்டினேன். "அது நான் இஸ்திரி போடும்போது பட்டதுங்க" என்றாள். இன்னொரு நாள் தலையணைக்கு அடியில் ஒரு தீப்பெட்டி. ஆட்டிப் பார்த்தேன், உள்ளே குச்சிகள் இருந்தன. திறந்து பார்க்கவில்லை. அதையும் மனைவியிடம் சொன்னேன். அண்ணனை முதியோர் இல்லத்தில் விடலாம், நானே போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன் என்றும் சொன்னேன்.

அவள் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "உங்க பயத்துக்காக ஒரு மனுஷன வெளிய தள்ளச் சொல்றீங்களா? இந்த வீட்ல இதுவரைக்கும் எதாவது எரிஞ்சிருக்கா?"

எதுவும் எரியவில்லை. அதுதான் எனக்கு எதிரான சாட்சி. நான் பயந்து பயந்து காப்பாற்றியதால்தான் எரியவில்லை என்பதை எப்படி நிரூபிப்பது?

பதினோராவது வாரத்து ஞாயிற்றுக்கிழமை அண்ணன் அறிவித்துவிட்டார். அடுத்த ஞாயிறு அவருக்கு அறுபத்தெட்டு முடிகிறது. மொட்டை மாடியில் உட்கார்ந்து பைப்பைப் பற்றவைப்பார், மகள் போட்டோ எடுப்பாள், நான் வேண்டுமானால் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு நிற்கலாம். மூவரும் சிரித்தார்கள். திங்கட்கிழமை மாலை கடைசித் தடவையாக உப்பு அடைத்தேன். அண்ணன் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். பஞ்சை அவர்தான் உருட்டிக் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்தேன். மனைவி துணிக்கடை வேலைக்குப் போயிருந்தாள், மகள் பள்ளிக்கூடத்தில். அண்ணன் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வலி மாத்திரை போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் அசந்து தூங்குவார். ஒத்திகைதான், ஐயா. கிடங்கில் செய்வதை வீட்டில் செய்து காட்ட நினைத்தேன். மெத்தையின் ஓரம் கொஞ்சம் கருக வேண்டும், அறையில் புகை நிற்க வேண்டும், நான் ஓடிவந்து அணைத்திருக்க வேண்டும். தீயணைப்புக் கருவியை முந்தின மாதமே கிடங்கிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்தேன். தூசி வருகிறதென்று ஜன்னலைச் சாத்தினேன். மேசையிலிருந்து பைப்பை எடுத்துப் போய் அவர் தலைமாட்டில் வைத்தேன். அதில் உப்பு இருந்தது எனக்கு உறைக்கவே இல்லை. ஒன்பது தடவை பஞ்சோடு பார்த்துப் பார்த்து, என் கண்ணுக்கு அந்தப் பைப்பே அப்படித்தான் என்று ஆகிவிட்டது.

தலையணைக்கு அடியிலிருந்த தீப்பெட்டியை எடுத்தேன். அவருடைய தீப்பெட்டியாலேயே நடக்க வேண்டும் என்பது என் கணக்கு. திறந்தேன். உள்ளே இருந்த குச்சி ஒன்றிலும் மருந்து இல்லை. எல்லாத் தலைகளும் ஒழுங்காக வெட்டப்பட்டிருந்தன. பள்ளிக்கூடத்துக்குக் குச்சியில் வீடு கட்டிக்கொண்டு போக வேண்டுமென்று மகள் சொல்லிக்கொண்டிருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவர்தான் அவளுக்கு உதவிக்கொண்டிருந்தார். நான் பார்த்தால் பயந்துவிடுவேன் என்று தலைகளை வெட்டி எறிந்துவிட்டு, பெட்டியையும் ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

அந்த இடத்திலேயே நான் திரும்பியிருக்கலாம். அந்த அறையில் பயப்பட ஒன்றுமே இல்லை என்று எனக்கு அப்போது தெரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அண்ணன் லேசாகக் குறட்டை விட்டார். பிறகு சமையலறைக்குப் போய் அடுப்பு லைட்டரை எடுத்து வந்தேன்.

வெளியே வந்து கதவைச் சாத்தி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தேன். பதினாறில் இருமல் கேட்டது. பதினெட்டில் கைத்தடி கீழே விழுந்த சத்தம். இருபதில் அவர் கதவுக்கு அருகில் வந்துவிட்டார். உள்பக்கம் இழுத்தால் திறக்கும் கதவு அது. இழுத்தார். இடுப்பு சரியில்லாத மனுஷன், பலமாக இழுக்க முடியவில்லை. நான் பிடித்திருந்தேன்.

கைப்பிடி சூடாக இருந்தது, சூடான கதவைத் திறக்கக் கூடாது, காற்று புகுந்தால் தீ பெரிதாகும், இதைத்தான் நான் கிடங்கில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிறேன் என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். உங்கள் டாக்டர் என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். ஒரு கொப்புளம்கூட இல்லை. கைப்பிடி சில்லென்றுதான் இருந்தது, ஐயா.

இருபதில் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். மெத்தையில் ஒரு கருகல். கொஞ்சம் புகை. அண்ணன் இருமிக்கொண்டே வெளியே வந்து, பைப்பில் உப்பு இருப்பதைப் பார்த்து, எல்லாவற்றையும் புரிந்துகொண்டு சிரித்திருப்பார். அதையும் ஒரு கதையாக்கி நடித்துக் காட்டியிருப்பார். என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாள். அவர் சாகும்வரை அதைச் சொல்லிக்கொண்டிருப்பார் என்று தோன்றியது. எனக்கு இந்த உலகத்தில் தீயைவிடப் பெரிய பயம் அதுதான் என்று அந்தக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் தெரிந்தது.

அவர் கதவைத் தட்டினார். கையால் இல்லை. தலைமாட்டில் இருந்த பைப்பை எடுத்து வந்திருக்கிறார், அதன் விளிம்பால் தட்டினார். அந்தப் பைப்பை அங்கே வைக்கக்கூடியவன் யார் என்று அதற்குள் அவருக்குத் தெரிந்திருக்கும். பஞ்சை உருட்டிக் கொடுத்தவரே அவர்தானே. கதவுக்கு அந்தப் பக்கம் நான் நிற்பதும் தெரிந்திருக்கும். இருந்தும் அவர் திட்டவில்லை.

"பயப்படாதடா, நான்தான்" என்றார்.

தட்டுவது நின்ற பிறகு கதவைத் திறந்தேன். அண்ணனுக்கு மூச்சு நின்றிருந்தது. ஒரு நிமிஷத்துக்குள் அணைத்துவிட்டேன். கட்டிலைத் தவிர வேறெதுவும் எரியவில்லை, மேல்கூரையில் புகை படிந்ததோடு சரி. வேலை சுத்தமாக இருந்ததென்று உங்கள் ஆட்களே சொன்னார்கள். அன்று சாயங்காலம் என் மனைவி என் தோளைப் பிடித்துக்கொண்டு, "நீங்க அப்பவே சொன்னீங்க, நான்தான் கேக்கல" என்று அழுதாள். பத்தொன்பது வருஷத்தில் யாரும் சொல்லாத வார்த்தை அது. எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆகவே, தீ வைத்தது நான். கதவைப் பிடித்துக்கொண்டிருந்ததும் நான். இதற்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.

ஒரு சின்ன வேண்டுகோள். பைப்பில் உப்பு இன்னும் இருக்கிறது. அதை இப்படி நாள்கணக்கில் விடக் கூடாது, கட்டை வெடித்துவிடும். யாரிடமாவது சொல்லி இன்றைக்கே எடுத்துவிடுங்கள். இன்னொன்று, மூன்று தடவைதான் தட்டினார் என்று உங்களிடம் சொல்லியிருந்தேன். நேற்று நீங்கள் பைப்பை மேசைமேல் வைத்தபோது விளிம்பைப் பார்த்தேன். நாற்பத்தொரு புது வடு இருக்கிறது, நீங்களும் எண்ணியிருப்பீர்கள். அதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஓர் ஈரத்துணியும் இஸ்திரிப் பெட்டியும் கொடுத்து எனக்கு ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு தொட்டுப் பாருங்கள், ஐயா. மூன்றுகூட இருக்காது.